பழைய தொலைபேசியும் தொலைநகல் கருவியும் இணையவழி இணைப்புக்கு மாறும்போது

நீங்கள் கேட்டிருப்பது இது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள ஒரு சிறிய குடும்ப மருத்துவர் அலுவலகத்தில் இரண்டு செப்புக்கம்பி இணைப்புகள் இருக்கின்றன. ஒன்றில் வரவேற்பு மேசையிலும் உள்ளறையிலுமாக இரண்டு சாதாரணத் தொலைபேசிகள். மற்றொன்றில் பிரதர் நிறுவனத்தின் அச்சுக்கருவி தொலைநகலாகவும் வேலை செய்கிறது. கட்டணம் கூடிக்கொண்டே போவதால் இரண்டு எண்களையும் இணையவழி அழைப்புச் சேவைக்கு மாற்றிவிட்டு, இருக்கும் கருவிகளையே ஓர் அடாப்டர் மூலம் பயன்படுத்த முடியுமா, தொலைநகல் ஒழுங்காகப் போகுமா என்பது கேள்வி.

தொலைபேசிகளைத் தயங்காமல் மாற்றுங்கள். தொலைநகலை மட்டும் அதே நாளில், அதே நம்பிக்கையில் மாற்றிவிடாதீர்கள். இரண்டும் இத்தனை காலம் ஒரே வகைக் கம்பியில் ஓடியதால் ஒரே வகை வேலை என்று தோன்றும். ஆனால் இணையத்தில் நேரும் சிறு இழப்புகளைக் காது பொறுத்துக்கொள்ளும். தொலைநகல் கருவி பொறுத்துக்கொள்ளாது. அதிலும் மருத்துவர் அலுவலகத்திலிருந்து போகும் தாளில் மருந்தின் அளவு எழுதப்பட்டிருக்கும் என்பதால், இந்த வேறுபாட்டை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடாப்டர். ஏடிஏ என்று கடைகளில் விற்கும் இந்தச் சிறு பெட்டி, இதுவரை தொலைபேசி நிலையம் செய்துவந்த வேலையை உங்கள் மேசையில் வைத்துச் செய்கிறது. கம்பியில் நேர்மின்னோட்டம் கொடுக்கிறது, ரிசீவரை எடுத்தால் டயல் டோன் தருகிறது, அழைப்பு வந்தால் மணியடிக்கத் தேவையான மாறுமின்னழுத்தத்தை அனுப்புகிறது, பேச்சை வினாடிக்கு 8000 மாதிரிகளாக எண்ணாக்கி இணையத்தில் அனுப்புகிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது போர்ட்டின் வகை. தொலைபேசியைச் செருகும் போர்ட் எஃப்எக்ஸ்எஸ் எனப்படும். நிலையத்திலிருந்து வரும் கம்பியைச் செருகும் போர்ட் எஃப்எக்ஸ்ஓ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்டி802 மாதிரியில் இரண்டு எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டுகள் உண்டு. எச்டி813 மாதிரியில் இரு வகையிலும் ஒவ்வொன்று. உங்களுக்குத் தேவை முதல் வகைதான்: ஒரு போர்ட்டில் பேசும் எண், மற்றதில் தொலைநகல் எண், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஸ்ஐபி (இணையவழி அழைப்பை ஏற்படுத்தும் முறை) கணக்கு. சேவை நிறுவனமே பூட்டிய அடாப்டர் ஒன்றைக் கொடுத்தால், அமைப்புகளை நீங்கள் மாற்ற அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தொலைநகலுக்காகச் சில அமைப்புகளைத் தொடாமல் முடியாது.

இரண்டு தொலைபேசிகளும் ஒரே எண்ணில் ஒலிக்க வேண்டும் என்றால் சுவருக்குள் இருக்கும் பழைய கம்பிகளையே பயன்படுத்தலாம். அடாப்டரிலிருந்து ஒரு கம்பியை அருகிலுள்ள சுவர்ச் செருகியில் மாட்டினால், அதே கம்பி இணையில் (இரட்டைக் கம்பியில்) சேர்ந்த மற்ற செருகிகளிலும் டயல் டோன் வந்துவிடும். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் நிறுவனக் கம்பியைக் கட்டடத்தின் இணைப்புப் பெட்டியிலேயே கழற்றியிருக்க வேண்டும். நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ட்டும் அடாப்டர் தரும் மின்னழுத்தமும் ஒரே கம்பியில் சந்தித்தால் அடாப்டர் கருகிவிடக்கூடும். சேவையை நிறுத்திய பின்னும் சில இடங்களில் கம்பியில் மின்னழுத்தம் தொடர்ந்து இருக்கும் என்பதால், டயல் டோன் இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரால் அளந்து பாருங்கள். இன்னொன்று, உங்கள் இணையமே டிஎஸ்எல் வகையாக இருந்து அதே கம்பி இணையில் வருமானால், அதைக் கழற்றினால் இணையமும் போய்விடும். அப்போது மோடத்துக்குப் போகும் இணையை மட்டும் தனியே பிரித்து விட்டுவிட்டு, உள்ளே மற்ற செருகிகளுக்குப் போகும் கம்பிகளை அதிலிருந்து துண்டிக்க வேண்டும். கட்டடம் வாடகைக்கு எடுத்தது என்றால் இந்த வேலையை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு ஓர் அனுபவமுள்ள கம்பி வேலையாளிடம் கொடுப்பதே நல்லது.

பேச்சுக்கான அமைப்புகள் சிக்கலானவை அல்ல. எச்டி802 பெட்டியில் தொலைபேசியைச் செருகி மூன்று முறை நட்சத்திரக் குறியை அழுத்தினால் ஒரு குரல் பட்டியல் வரும். அதில் 02 அழுத்தினால் பெட்டியின் ஐபி முகவரியைப் படித்துச் சொல்லும். அந்த முகவரியைக் கணினியின் உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். எஸ்ஐபி சேவையகத்தின் பெயர், பயனர் எண், கடவுச்சொல் ஆகியவற்றைப் போட்டபின், கோடெக் (பேச்சை எண்ணாக்கும் முறை) வரிசையில் பிசிஎம்யு என்பதை முதலிடத்தில் வையுங்கள். அது வட அமெரிக்காவில் வழங்கும் மியூ-லா வகை ஜி.711. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 87 கிலோபிட் வேகம் எடுக்கும். இன்றைய அலுவலக இணைப்பில் அது ஒரு பொருட்டே இல்லை, ஆகவே இணைய வேகத்தை மிச்சப்படுத்த ஜி.729 போன்ற சுருக்கு வகைகளைத் தேடிப் போக வேண்டாம். ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதற்காக வைக்கப்பட்ட அந்த வசதி, அழைப்புச் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தப்போய் அவற்றைக் குலைத்துவிடுவது வழக்கம். அழைப்பு இணைந்தும் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது, வெளியே போகும் அழைப்பு சரியாக இருந்தும் உள்ளே வருவது சில நிமிடங்களில் நின்றுபோவது ஆகிய புகார்களை ஆராய்ந்தால் பலமுறை இதில்தான் போய் நிற்கும்.

எண்களை அழுத்தும்போது எழும் ஒலிகளைப் பற்றியும் ஒரு சொல். வங்கிக்கோ மருந்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ அழைத்து "ஒன்றை அழுத்தவும்" என்று கேட்கும்போது நீங்கள் அழுத்துவது மறுமுனைக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும். ஆர்எஃப்சி 2833 என்று அமைப்புப் பக்கத்தில் காணப்படும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் அதைப் புதுப்பித்து வந்தது ஆர்எஃப்சி 4733. இதில் ஒலியை அனுப்பாமல், இன்ன எண் அழுத்தப்பட்டது என்ற தகவலே தனிப் பொதியாக (இணையத்தில் தகவல் பயணிக்கும் சிறு துண்டாக) போகிறது. திருட்டு எச்சரிக்கைக் கருவியோ மின்தூக்கிக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியோ இதே இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தால் அவற்றை அடாப்டருக்கு மாற்றாதீர்கள். அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் செல்பேசி வலையில் இயங்கும் மாற்றுக் கருவி கேளுங்கள்.

இனி தொலைநகல். ஒரு தொலைநகல் அழைப்பை ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். அழைக்கும் கருவி அரை வினாடி ஒலித்து மூன்று வினாடி ஓய்ந்து 1100 ஹெர்ட்ஸில் தன்னை அறிவிக்கும். எடுக்கும் கருவி 2100 ஹெர்ட்ஸில் நீண்ட ஒலியாகப் பதில் சொல்லும். பின்னர் இரண்டும் வினாடிக்கு 300 பிட் வேகத்தில் தம் திறன்களைப் பரிமாறிக்கொண்டு, 9600 அல்லது 14,400 என்று ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் பக்கம் கிளம்பும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் டி.30 என்ற தரம் இந்த உரையாடலை வகுத்தது. கம்பி அறுபடாது, ஒலி இடையில் நிற்காது, காலம் துல்லியமாக ஓடும் என்ற உறுதியின்மேல்தான் அது கட்டப்பட்டது. இணையம் இந்த மூன்றில் எதற்கும் உறுதி தருவதில்லை.

பேச்சில் 20 மில்லிவினாடிப் பொதி ஒன்று வழியில் தொலைந்தால், அடாப்டர் முந்தைய ஒலியை நீட்டி இட்டு நிரப்பிவிடும், யாருக்கும் தெரியாது. 14,400 வேகத்தில் ஓடும் தொலைநகலில் அதே பொதியோடு 288 பிட்டுகள் போய்விடும். அதோடு தொலைநகல் கருவிக்குள் பிட்டுகளை ஒலியாக்கும் மோடம் தன் தாளத்தையும் இழந்து மீண்டும் பிடிக்கத் திணறும். ஒரு பொதியும் தொலையாத நல்ல இணைப்பிலும் மற்றொரு தொல்லை இருக்கிறது. உங்கள் அடாப்டரின் கடிகாரமும் மறுமுனைக் கருவியின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று மிகச் சிறிதளவு விலகி ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு விலகல் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 0.4 ஒலி மாதிரி மிகும் அல்லது குறையும். ஏறக்குறைய 400 வினாடியில் அது ஒரு முழுப் பொதியின் அளவுக்குச் சேர்ந்துவிடும். அப்போது அடாப்டர் ஒரு பொதியை விட்டுத்தள்ளும் அல்லது இல்லாத ஒன்றை இட்டுநிரப்பும். ஒரு பக்கக் கடிதம் எப்போதும் போகிறது, இருபது பக்க நோயாளிக் கோப்பு மட்டும் ஏழாவது எட்டாவது பக்கத்தில் அறுந்துவிடுகிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இணைய வேகத்தைக் கூட்டினால் இது தீராது. 

இதற்காகவே 1998-ல் டி.38 என்ற தரம் வந்தது. அடாப்டர் தொலைநகலின் ஒலியை ஒலியாகக் கடத்தாமல், அதைக் கேட்டுப் பிட்டுகளாக அவிழ்த்து, அந்தப் பிட்டுகளைப் பொதிகளில் வைத்து அனுப்புகிறது. மறுமுனை நுழைவாயில் (இணையத்தையும் தொலைபேசி வலையையும் இணைக்கும் கருவி) அவற்றை மீண்டும் ஒலியாக்கி அடுத்த கருவியிடம் கொடுக்கிறது. ஒவ்வொரு பொதியிலும் அதற்கு முந்தைய பொதிகளின் நகலும் சேர்ந்து போவதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் அடுத்ததிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். கடிகார விலகலும் இங்கே பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி டி.38 பற்றியதே. "ஆதரிக்கிறோம்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு உள்ளே வரும் அழைப்பிலும் வெளியே போகும் அழைப்பிலும், அவர்கள் அழைப்பை ஒப்படைக்கும் மொத்தச் சேவை நிறுவனம் வரைக்கும் அது நிலைக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி டி.38 பேசாவிட்டால், அழைப்பு பழையபடி ஒலியாகவே போகும், அல்லது நடுவில் முறை மாறும்போது அறுந்துவிடும்.

அடாப்டரில் தொலைநகல் போர்ட்டுக்கு மட்டும் ஃபேக்ஸ் மோட் என்பதை டி.38 என்று வையுங்கள். நிறுவனம் அதைத் தராவிட்டால் பாஸ் த்ரூ (ஒலியை ஒலியாகவே கடத்தும் முறை) என்று வைத்து, கோடெக்கைப் பிசிஎம்யு ஒன்றோடு நிறுத்தி, மௌன நேரத்தில் பொதி அனுப்பாமல் விடும் வசதியை அணைத்து, முன்பின்னாக வரும் பொதிகளைச் சற்றுத் தேக்கிச் சீராக விடும் ஜிட்டர் பஃபரை நிலையான வகைக்கு மாற்றுங்கள். தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பஃபர் பேச்சுக்கு நல்லது. தொலைநகலின் நடுவே அது தன் நீளத்தை மாற்றினால் அந்த இடத்திலேயே மோடம் வழுக்கிவிடும். அழைப்புக் காத்திருப்பு வசதியையும் அந்தப் போர்ட்டில் நீக்குங்கள். பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒலிக்கும் ஒரு டொக் ஓசை போதும் அதைக் கெடுக்க. 33,600 வேகத்தில் பேசும் சூப்பர் ஜி3 வகைக் கருவியானால் அதையும் நிறுத்தி 14,400 அல்லது அதற்குக் கீழே இறக்குங்கள். பரவலாக வழங்கும் டி.38 பதிப்பு அந்த வேகத்துக்கு மேல் போகாது.

பிரதர் கருவியின் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி என்ற அமைப்பில் ஹை, நார்மல், பேசிக் என்று மூன்று நிலைகள் இருக்கும். பேசிக் என்பதை இணையவழி இணைப்புக்கு உரியது என்று நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. 14,400 வேக மாதிரிகளில் நார்மல் என்பது 9600, பேசிக் என்பது 4800. பேசிக் நிலைக்குப் போனவுடன் பக்கங்கள் தடையின்றிப் போகத் தொடங்கும் என்பதால் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் அலுவலகத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் குறைவதோடு கறுப்புவெள்ளைப் பக்கங்களுக்குப் பிழைதிருத்தமும் அந்த நிலையில் நின்றுவிடுகிறது. ஈசிஎம் எனப்படும் அந்தப் பிழைதிருத்தம் இருக்கும்போது, பக்கம் சிறு சட்டகங்களாகப் பிரிந்து போகும்; கெட்டுப்போன சட்டகத்தை மறுமுனை திரும்பக் கேட்டு வாங்கும்; வாங்க முடியாவிட்டால் அழைப்பு தோல்வி என்று வெளிப்படையாகச் சொல்லும். அது இல்லாதபோது கெட்டுப்போன வரிகள் விடுபட்டோ முந்தைய வரியின் நகலாகவோ அச்சாகும், ஆனால் கருவி "சரி" என்று சீட்டு கொடுத்துவிடலாம்.

அதன் விளைவை ஒரு மருந்துச் சீட்டில் வைத்துப் பாருங்கள். சாதாரணத் தெளிவில் தொலைநகல் ஒரு மில்லிமீட்டரை 3.85 கிடைக்கோடுகளாக வருடுகிறது. அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு தசமப் புள்ளி இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு கோடுகள் மட்டும் வழியில் கெட்டால் 2.5 மில்லிகிராம் என்பது 25 என்று மருந்தகத்தில் அச்சாகும். தாளின் மற்ற பகுதி எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், யாரும் ஐயப்பட மாட்டார்கள். ஆகவே நார்மல் நிலையில், பிழைதிருத்தம் இயங்க, தெளிவை ஃபைன் என்று வைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது அழைப்புகள் அடிக்கடி தோற்றால், அந்தச் சேவை உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை என்றே கொள்ளுங்கள். பாதுகாப்பைத் தளர்த்தித் தோல்வியை மறைப்பதைவிட நிறுவனத்தை மாற்றுவது மேல்.

காகிதமும் மோடமும் இல்லாமல், வரும் தொலைநகலைக் கோப்பாக்கித் தரும் இணையத் தொலைநகல் சேவை மற்றொரு வழி. மறுமுனையில் கருவி இருந்தாலும் உங்கள் பக்கத்தில் இருக்காது. நிறுவனத்தின் பெரிய நுழைவாயில்களே மோடம் வேலையைப் பார்க்கும். நாளுக்கு நிறையப் பக்கங்கள் கையாளும் அலுவலகத்துக்கு இதுவே அடாப்டரைவிட நிம்மதியானது என்பது என் எண்ணம். ஆனால் நோயாளியின் தகவல் என்பதால் ஒன்டாரியோவின் 2004-ஆம் ஆண்டு தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும். வந்த பக்கங்களைச் சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் மலிவுச் சேவைகளைத் தவிர்த்து, கடவுச்சொல்லோடு உள்ளே நுழைந்து பார்க்கும் வகையை, ஒப்பந்தத்தோடு தரும் நிறுவனத்திடம் எடுங்கள். தொலைநகலைச் சுகாதாரத் துறையிலிருந்தே ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்கப் போவதாக ஒன்டாரியோ அரசு 2023-ல் அறிவித்தது. இருந்தும் நீங்கள் தொடர்புகொள்ளும் மருந்தகமும் ஆய்வகமும் சிறப்பு மருத்துவரும் தொலைநகலைக் கைவிடும்வரை உங்கள் எண் உயிரோடு இருக்க வேண்டும்.

இனி, தொலைபேசியை மாற்றும்போது பலர் கடைசியில் நினைக்கும் ஆனால் முதலில் நினைக்க வேண்டிய அவசர உதவி எண் 911. செப்புக்கம்பி இணைப்பில் உங்கள் முகவரி எண்ணோடு பிணைந்திருந்தது. இடம் மாற்றிப் பயன்படுத்தக்கூடிய இணையவழிச் சேவையில் 911 அழைப்பு முதலில் ஓர் இடைநிலை மையத்துக்குப் போகும். அங்கிருப்பவர் இடத்தைக் கேட்டு உரிய ஊருக்கு மாற்றிவிடுவார். அழைப்பவரால் பேச முடியாவிட்டால் கணக்கில் பதிந்துள்ள முகவரிதான் துணை. 2008-ல் கால்கரியில் ஒரு குடும்பம் தம் குழந்தைக்காக இணையவழித் தொலைபேசியில் 911 அழைத்தபோது, கணக்கில் பழைய முகவரி இருந்ததால் ஆம்புலன்ஸ் ஒன்டாரியோவின் மிசிசாகாவுக்கு அனுப்பப்பட்டது, குழந்தை பிழைக்கவில்லை. சேவை தொடங்கிய அன்றே கணக்கில் அலுவலகத்தின் முழு முகவரியையும், தளம், அறை எண் உட்படப் பதிந்து, நிறுவனத்திடம் அதை வாய்மொழியாக உறுதிசெய்துகொள்ளுங்கள். சோதிப்பதற்காக 911-ஐ அழைக்காதீர்கள். சில நிறுவனங்கள் முகவரியைப் படித்துச் சொல்லும் தனிச் சோதனை எண் வைத்திருக்கின்றன.

மின்சாரம் நின்றால் செப்புக்கம்பித் தொலைபேசி நிலையத்தின் மின்கலத்தில் ஓடும். இனி அடாப்டர், ரவுட்டர், மோடம் மூன்றுக்கும் நீங்களே யுபிஎஸ் வைக்க வேண்டும். மூன்றும் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் சிறிய யுபிஎஸ் கூடக் கணிசமான நேரம் தாங்கும். இணையமே நின்றால் யுபிஎஸ் உதவாது. 2022 ஜூலை 8 அன்று ராஜர்ஸ் வலை நாடு முழுவதும் முடங்கியபோது அதில் இணையமும் செல்பேசியும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. அடாப்டர் சேவையகத்தோடு தொடர்பிழந்தால் அழைப்புகள் ஒரு செல்பேசிக்குப் போகுமாறு கணக்கில் அமைத்துவிடுங்கள். அந்தச் செல்பேசி, உங்கள் இணைய நிறுவனத்தைச் சேராத வேறு வலையில் இருக்கட்டும்.

எண் மாற்றத்தின்போது ஒரே விதி: பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும் எண்ணைத்தான் புதிய நிறுவனத்தால் இழுத்துக்கொள்ள முடியும். மாற்றம் முடிந்ததும் பழைய சேவை தானாக நின்றுவிடும். சமீபத்திய கட்டணச் சீட்டில் பெயரும் முகவரியும் எப்படி இருக்கின்றனவோ அதே எழுத்துகளில் விண்ணப்பத்தை நிரப்புங்கள், சிறு வேறுபாட்டுக்கும் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு இணைப்பும் ஒரே கணக்கில் இருந்தால், பேசும் எண்ணை மட்டும் மாற்றுகிறோம், தொலைநகல் எண் தொடர வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அப்படிச் சொல்லாமல் விட்டால் முழுக் கணக்கையும் மூடிவிடும் ஆபத்து உண்டு. பேசும் எண் சில வாரங்கள் ஒழுங்காக ஓடிய பின், அடாப்டரின் இரண்டாம் போர்ட்டில் ஒரு தற்காலிக எண்ணை வாங்கிப் போட்டு, உங்களோடு அதிகம் தொடர்புகொள்ளும் மருந்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நோயாளி விவரம் எதுவும் இல்லாத நீண்ட சோதனைத் தாள்களை இரு திசையிலும், பரபரப்பான முற்பகல் நேரத்திலும் அனுப்பிப் பாருங்கள். கருவியின் அனுப்பு அறிக்கையில் ஒவ்வொரு அழைப்பின் கால அளவையும் பக்க எண்ணிக்கையையும் மறுமுனையில் கிடைத்ததோடு ஒப்பிடுங்கள். அவை ஒத்துப்போகும் வரை தொலைநகல் எண் செப்புக்கம்பியிலேயே இருக்கட்டும். அந்த ஒரு இணைப்புக்கான மாதக் கட்டணத்தைச் செலுத்திக்கொண்டிருங்கள்.